வீட்டுப்பாடமும் தாயக்கட்டையும்: ஒரு வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிறது. உங்கள் கட்டுரைகளைப் பஸ்ஸில்தான் படிப்பேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் டியூஷன்; மாமியார் கொண்டுபோய் விட்டு ஏழு மணிக்கு அழைத்து வருவார். நான் வந்ததும் டைரியைப் பார்த்து மிச்ச வீட்டுப்பாடத்தை எழுத வைக்கிறேன். நான் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவள். அவள் புத்தகத்தில் பாதி எனக்குப் புரிவதில்லை. அவளுக்குத் தூக்கம், எனக்குக் கோபம்; பல நாள் அழுகையில்தான் முடிகிறது. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் "உங்களுக்கு இன்வால்வ்மென்ட் இல்லை" என்று மிஸ் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவில் விளையாடப் போனாலும், அந்த நேரத்தில் நாலு எழுத்துப் படிக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. என்னைப் போன்ற அம்மா என்னதான் செய்ய முடியும்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, குடியாத்தம் வட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்தில் உங்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உண்மையில்லை. நம் வடாற்காட்டில், குறிப்பாகக் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில், ஒரு தலைமுறைக்கு முன்பு முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பீடி சுற்ற அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. பீடித் தொழிலில் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1986லேயே வந்துவிட்டபோதிலும், கடன் தீரும்வரை அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை, விளையாட்டும் இல்லை. அதே மண்ணில் இன்று ஒரு பெண் விடியுமுன் எழுந்து, பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் வெளியே இருந்து, தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து சம்பாதித்த பணத்தைப் பள்ளிக் கட்டணமாகக் கட்டுகிறாள் என்றால், அதைவிடப் பெரிய பங்கெடுப்பை யாரும் யாரிடமும் கேட்க முடியாது. டைரியில் விடுபட்ட ஒரு கையெழுத்தை வைத்து அதை அளப்பது தவறு. அந்த ஆசிரியைக்கு உங்கள் வேலை நேரம் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லும் வழியைப் பின்னால் எழுதுகிறேன்.

அடுத்து, உங்கள் மகளுக்கு அந்த வீட்டுப்பாடமே இருக்கக் கூடாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018 மே மாத இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையும் இதையே சொன்னதோடு, அந்த வகுப்புகளுக்குப் புத்தகப் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்கூட வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேர வீட்டுப்பாடம் போதும் என்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். உங்கள் மகளோ ஒரே நாளில் டியூஷனிலும் வீட்டிலுமாக அதைத் தாண்டிவிடுகிறாள். ஆகவே அந்த ஏழு வயதுக் குழந்தை இரவு எட்டரை மணிக்குக் கண்ணைக் கசக்குவது சோம்பலால் இல்லை. உங்களுக்கு வரும் கோபமும் குணக்கேடு இல்லை. செய்யத் தேவையில்லாத வேலையை, செய்ய முடியாத நேரத்தில், இருவருமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் நீங்கள் வீடு திரும்பியதிலிருந்து அவள் தூங்கும்வரை உள்ள ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் திட்டமாக நம்புவது ஒன்று உண்டு: அந்த நேரத்தில் உங்கள் மகளுக்கு இன்னொரு ஆசிரியர் தேவையில்லை, தான் செய்வதைக் கவனித்துப் பார்க்கிற, தன்னோடு சேர்ந்து ஆடுகிற ஓர் ஆள் தேவை. மேற்பார்வை பார்ப்பதும் கூட இருப்பதும் வெவ்வேறு காரியங்கள். கம்பெனியில் உங்கள் வரிசைக்குப் பின்னால் நின்று தையலைப் பார்த்துக் குறை சொல்லும் மேற்பார்வையாளர் இருக்கும்போதும், பக்கத்து எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி "இந்த மூலையை எப்படித் திருப்பினாய்?" என்று கேட்கும்போதும் உங்கள் கை ஒரே மாதிரி ஓடுவதில்லை அல்லவா?

ஆங்கிலம் தெரியாததைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். புத்தகத்தில் அவளுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை அவளையே படிக்கச் சொல்லி, "இது எனக்குத் தெரியாது, தமிழில் எனக்குச் சொல்" என்று கேளுங்கள். நடிக்க வேண்டியதில்லை, உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாது. அது குழந்தைக்கும் தெரியும், அதனால்தான் அவள் அக்கறையோடு சொல்வாள். ஒன்றைப் பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது சொல்பவருக்கே தெளிவாகும். புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்தி, அடியில் ஒரு கோடு போட்டு வைக்கட்டும். மீதிப் பேச்செல்லாம் தமிழில் நடக்கட்டும். வீட்டில் ஆங்கிலம் பேசினால்தான் ஆங்கிலம் வரும் என்று எண்ணி, தெரிந்த பத்து ஆங்கிலச் சொற்களுக்குள் குழந்தையோடு பேச்சைச் சுருக்கிக்கொண்ட பெற்றோரை வேலூரில் நிறையப் பார்க்கிறேன், மனம் வேதனைப்படுகிறது. ஏன், எப்படி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று நீளமாகப் பேசிப் பழகிய குழந்தைக்கு இரண்டாவது மொழி ஏறுவது எளிது. அந்த நீளமான பேச்சை நீங்கள் உங்கள் மொழியில்தான் தர முடியும்.

இனி விளையாட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் விளையாட்டு என்பது படிப்பிலிருந்து திருடப்பட்ட நேரமாக வருகிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதப்பட்ட ஓர் ஆட்டப் பலகையும், மற்றவர்களுக்கு எண்கள் இல்லாமல் நிறங்கள் மட்டும் பூசிய அதே போன்ற பலகையும் கொடுக்கப்பட்டன. சில வாரங்களுக்குள் நான்கே முறை, முறைக்குப் பதினைந்து இருபது நிமிடம், ஒரு பெரியவர் கூட உட்கார்ந்து ஆடினார். எண் பலகையில் ஆடிய குழந்தைகள் எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரியது எது சிறியது என்று சொல்வதிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் அது தெரியவில்லை.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது காய் நகர்த்திய விதத்தை. காய் 3இல் இருக்கும்போது 2 விழுந்தால், குழந்தை "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல், "நான்கு, ஐந்து" என்று தான் தாண்டுகிற கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் செய்ததெல்லாம் குழந்தை தடுமாறும்போது கூடச் சேர்ந்து சொன்னதுதான். உங்கள் மகள் பத்துக்குள் எண்ணும் வயதைத் தாண்டிவிட்டாள். அவளுக்குக் கடைகளில் விற்கும் 100 கட்டப் பாம்பு ஏணி அட்டை சரியாக இருக்கும். 47இல் நிற்கும் காய்க்கு 6 விழுந்தால் அது எங்கே போகும் என்று தொடாமலே சொல்லச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள். காயை நகர்த்தட்டும், அட்டையே திருத்திவிடும்.

அட்டைகூட வாங்க வேண்டாம், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தாயக்கட்டம் போதும். உங்கள் மாமியாருக்கு நிச்சயம் ஆடத் தெரிந்திருக்கும். பித்தளைத் தாயக்கட்டை இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளலாம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. எந்தக் காயை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது, எந்தக் காயால் வெட்டுவது, எதை முதலில் பழமாக்குவது என்று ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டி, அம்மா, பேத்தி மூவரும் சமமாக உட்காரக்கூடிய இடம் அது. அங்கே யாருடைய ஆங்கிலத்துக்கும் வேலை இல்லை. அவளுக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். உங்கள் காயை அவள் வெட்டினால் உண்மையாக வருத்தப்படுங்கள். தோற்றால் அழுவாள், அழுதுவிட்டு மறுநாள் அவளே கட்டம் போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தெரு விளையாட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கூப்பிடாமல் இருந்தால் போதும். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் பாட்டி மடியில் அரைத் தூக்கத்தில் கூத்துப் பார்த்த பிள்ளைகள், மறுநாள் துண்டைப் பிடித்து இழுத்துத் துச்சாதனனாகவும், குச்சியைத் தூக்கி வீமனாகவும் ஆடுவார்கள். மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தை வீமன் வீழ்த்தும் படுகளத்துக்குப் பிறகு தெருப் புழுதியில் சின்னதாக ஒரு துரியோதனனைக்கூடப் போட்டுவிடுவார்கள். யார் எந்த வேடம் என்பதை அவர்களே பேசித் தீர்க்கிறார்கள், கேட்ட வசனத்தை நினைவிலிருந்து எடுக்கிறார்கள், மறந்த இடத்தில் சொந்தமாகக் கட்டுகிறார்கள், சண்டை வந்தால் அவர்களே சமாதானம் ஆகிறார்கள். தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் நம் ஊர்த் தெருக்களில், ஒருவர் மொழியை மற்றவர் எடுத்துக்கொள்வதும் இந்த ஆட்டத்தில்தான். பெரியவர் ஒருவர் நடுவில் போய் நின்று விதி சொல்லத் தொடங்கினால் இவ்வளவும் நின்றுபோகும். அவள் திரும்பி வந்ததும் "இன்று யார் யார் என்ன வேடம்?" என்று கேளுங்கள், அது போதும்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே ஒரு வரியில் வந்து போய்விடுகிறார். பள்ளியும் அவரைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றும் மூட்டையின் எடை, போன தூரம், போட்ட டீசல் என்று அவருடைய நாள் முழுக்கக் கணக்குதான். வாரத்தில் ஒரு நாள் அதை மகளிடம் சொல்லி, அவளைக் கூட்டிப் பார்க்கச் சொல்வது அவருக்குச் சிரமமாக இராது. பெற்றோர் கூட்டத்துக்கும் முறை வைத்து அவர் போகட்டும்.

பள்ளியிடம் பேசுவது பற்றி. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்த்திருந்தால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்களைப் போன்றவர்கள் உட்காருவதற்கென்றே உள்ள இருக்கைகள் அவை. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும், விளையாட்டுப் பொருட்கள் வகுப்புக்கு வகுப்பு தரப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்வது எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான். அடுத்த கூட்டத்தில் வீட்டுப்பாடத்தைப் பற்றித் தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், உங்கள் பஸ்ஸில் வருகிற, அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற நாலைந்து அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். எல்லோருக்கும் அதே இரவுதான் இருக்கும்.

அதற்கு முன்பே டைரியில் தொடங்கலாம். வெறும் கையெழுத்துக்குப் பதிலாகத் தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள்: "இதை இவள் தானாகவே எழுதினாள். கோடு போட்ட இரண்டு சொற்கள் புரியவில்லை. ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டாள்; மீதியை நான் எழுதவில்லை." நேர்மையான ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கிடைக்காது, ஏனென்றால் அம்மா எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடத்திலிருந்து பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்பதை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் வேலை நேரத்தையும் ஒரு முறை அதிலேயே எழுதிவிடுங்கள்.

டியூஷனை நிறுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேலூர் வெயிலில் வருடத்தில் பாதி மாதங்கள் குழந்தைகள் ஓடி விளையாடக்கூடிய நேரம் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. மாமியாரால் தெருவில் ஒரு கண் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இரண்டாம் வகுப்புக்கு அது வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களுக்காகத்தான் அனுப்புகிறீர்கள் என்றால், அந்த நாட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுப்பாடத்தை முடித்ததும் மற்றப் பிள்ளைகளோடு ஆட விடும்படி டியூஷன் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் இப்படி இருந்துவிட்டு, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.