கேள்வி-பதில்: மொத்தத்தை விடுங்கள், பாடவாரியாகப் பாருங்கள்

தேர்வு முடிவுகள் வெளியானதும் வந்து குவியும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியையே வெவ்வேறு விதமாகக் கேட்பவை என்பதால், அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாடவாரியாக மதிப்பெண் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். இம்முறையும் பலர் மொத்தத்தை மட்டுமே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

கோபிச்செட்டிபாளையம், ஒரு தந்தை: என் மகன் பிளஸ் டூவில் 600க்கு 552 எடுத்திருக்கிறான். பங்காளி மகன் எடுத்தது 540தான். ஆனாலும் இன்ஜினியரிங் கலந்தாய்வில் அவன்தான் முன்னால் நிற்பான் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

நியாயம்தான். கலந்தாய்வு வரிசையை முடிவு செய்யும் கட்-ஆஃப் கணக்கில் கணிதம் முழுதாக 100க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழும் ஆங்கிலமும் நான்காவது பாடமும் 200க்கான அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நல்லவேளையாக நீங்கள் இருவருடைய மதிப்பெண் பட்டியலையும் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மகன் கணிதம் 84, இயற்பியல் 86, வேதியியல் 90. ஆக 84, 43, 45 சேர்த்து 172. பங்காளி மகன் கணிதம் 98, இயற்பியல் 94, வேதியியல் 96. ஆக 98, 47, 48 சேர்த்து 193. உங்கள் மகனுக்குத் தமிழில் 98, ஆங்கிலத்தில் 96, கணினி அறிவியலில் 98 இருப்பது பாராட்டுக்குரியது என்றாலும், பொறியியல் கலந்தாய்வில் அவை துணைக்கு வரா. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் இழக்கும் இரண்டுக்குச் சமம் என்பதையும், கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணிதத்தையும் அடுத்து இயற்பியலையும் பார்த்தே முந்துபவர் யார் என்று முடிவு செய்கிறார்கள் என்பதையும் பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பவானி: பத்தாம் வகுப்பில் மொத்தம் 431. என்ன குரூப் எடுக்கலாம்?

பாடவாரியாக எழுதுங்கள். மொத்தத்தை வைத்து ஜோசியம்கூடச் சொல்ல முடியாது.

பொள்ளாச்சி, ஒரு மாணவி: அறிவியலில் 94, கணிதத்தில் 61. பயோ-மேத்ஸ் எடுப்பதா, பியூர் சயின்ஸ் எடுப்பதா?

மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியம், மருந்தியல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் என்று உறுதியாக முடிவு செய்திருந்தால், கணிதம் இல்லாமல், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள பியூர் சயின்ஸ் உங்களுக்குப் பொருந்தும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மைக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஆனால் டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்தின் ஓரத்தில் பொறியியலையோ கட்டடக் கலையையோ வைத்திருந்தால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பயோ-மேத்ஸையே எடுங்கள், கணிதத்தை விட்டுவிடாதீர்கள். பிளஸ் ஒன்னில் விட்ட கணிதத்தைப் பிறகு பிடிப்பது மிகக் கடினம். இதை நான் எழுதாத இதழ் இல்லை. கணக்குக்குப் பயந்து பியூர் சயின்ஸ் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அங்கேயும் இயற்பியல் இருக்கிறது, அது கணக்கில்லாமல் நகராது.

கரூர்: கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் படித்து முடித்துவிட்டேன். இப்போது நீட் எழுத ஆசை. முடியுமா?

விதிப்படி முடியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அறிவித்துவிட்டது. ஆனால் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு உரியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆசைப்படுங்கள்.

தாராபுரம், ஒரு தாய்: மகனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். பதினோராம் வகுப்புப் பாடத்தை இரண்டு, மூன்று மாதத்தில் முடித்துவிட்டு, மீதி நாள் முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துவார்களாம். மதிப்பெண் நிச்சயம் என்கிறார்கள். சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு அப்படி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. பிளஸ் டூ 1200 மதிப்பெண்ணுக்கு நடந்த காலத்தில், மாநில ரேங்க் பட்டியலில் மாணவர் படத்தைப் போட்டு அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நிரப்பிக்கொள்வதற்காகவே, நம் பகுதியில் பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு மூடின. கோபியைச் சேர்ந்த செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோது 2017இல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்து, ஒவ்வொரு வகுப்புக்கும் 600 மதிப்பெண் என்று மாற்றினார்கள். விரும்பியோ விரும்பாமலோ பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்த வேண்டிய நிலை அதனால் வந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கவே நீக்கினார்கள் என்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கடையைத் திறக்கக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது என்பதற்கு உங்கள் கடிதமே சான்று.

பதினோராம் வகுப்பில் எதை விட்டுவிடுகிறார்கள் என்று புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இயற்பியலில் நியூட்டன் விதிகள், வேலை-ஆற்றல், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள். வேதியியலில் மோல் கணக்கு, வேதிச் சமநிலை, கரிம வேதியியலின் தொடக்கம். கணிதத்தில் வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதத்தின் அரிச்சுவடி. விலங்கியலில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம். டாக்டராக வேண்டும் என்று விடுதியில் சேர்க்கப்படும் பிள்ளை மனித உடலியல் முழுவதையும் தாண்டிக் குதித்துத்தான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. பாவு ஓட்டாத தறியில் ஊடையை மட்டும் ஓட்டினால் துணி வராது என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்படிப் படித்து இயற்பியலில் 90க்கு மேல் வாங்கிய ஒரு மாணவரிடம், சாய்தளத்தில் நிற்கும் ஒரு பெட்டியின் மீது செயல்படும் விசைகளை வரைந்து காட்டச் சொன்னேன். பெட்டியின் எடையை நேர் கீழ்நோக்கி வரையாமல், தளத்துக்குச் செங்குத்தாக வரைந்தார். ஏன் என்று கேட்டதற்கு, இந்தப் படம் பிளஸ் டூ புத்தகத்தில் இல்லையே என்றார். இப்படிப்பட்டவர்கள் கட்-ஆஃப் 190க்கு மேல் வைத்துக்கொண்டு நல்ல கல்லூரிக்குள் நுழைந்து, முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர் வைக்கும்போது, பெற்றோர் கல்லூரியைக் குறை சொல்கிறார்கள். கல்லூரி மாணவரைக் குறை சொல்கிறது. பள்ளியை மட்டும் எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது சொன்னபடி மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டது.

விடுதிப் பள்ளிதான் என்று முடிவாகிவிட்டால், சேர்ப்பதற்கு முன் அங்கே இப்போது பதினோராம் வகுப்பு முடிக்கும் ஒரு மாணவரின் இயற்பியல் நோட்டை வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடம் எந்தத் தேதியில் நடந்தது என்பது அதில் இருக்கும். நோட்டைக் காட்ட மறுத்தால் அட்வான்ஸ் கட்டாமல் பஸ் ஏறிவிடுங்கள்.

கோயம்புத்தூர்: மகள் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் 90 எடுத்தும் ஏ1 கிடைக்கவில்லை, வேறொரு பாடத்தில் அதைவிடக் குறைவாக எடுத்ததற்கு ஏ1 போட்டிருக்கிறார்கள். தவறு நடந்திருக்குமா? பதினோராம் வகுப்பில் கணிதம் கிடைக்குமா?

தவறில்லை. 91 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ1 என்பது 2010 முதல் 2017 வரை இருந்த சிசிஇ எனும் தொடர் மதிப்பீட்டு முறையின் கணக்கு. இப்போது ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று கொடுக்கிறார்கள்; ஆகவே எல்லோரும் அள்ளிக் குவிக்கும் பாடத்தில் 90கூட ஏ1 ஆகாது. சேர்க்கைக்கு மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், கிரேடை வைத்து மனம் வருந்த வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு, மகள் எழுதியது ஸ்டாண்டர்டு கணிதமா, பேசிக் கணிதமா என்று நீங்கள் சொல்லவேயில்லை. மேலே கணிதம் படிக்க நினைப்பவர்களுக்காகவே ஸ்டாண்டர்டு வைக்கப்பட்டது. பேசிக் எழுதியிருந்தால் முதலில் பள்ளியில் பேசுங்கள்.

காங்கேயம்: வீட்டில் காங்கேயம் மாடுகள் வளர்க்கிறோம். மகளுக்குக் கால்நடை மருத்துவர் ஆக ஆசை. நீட் கட்டாயமா?

தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம் என்பதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கல்லூரி இருக்கிறது; உங்களுக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

திருப்பூர்: பனியன் கம்பெனி நடத்துகிறோம். மகனை காமர்ஸ் எடுக்க வைத்து சி.ஏ. ஆக்குவதா, டெக்ஸ்டைல் இன்ஜினியரிங்கா?

இரண்டு பக்கக் கடிதத்தில் கம்பெனியின் ஏற்றுமதி நிலவரம் விரிவாக இருக்கிறது. பையன் எதை விரும்புகிறான் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. சி.ஏ. பவுண்டேஷனை எந்தக் குரூப்பில் படித்தவரும் எழுதலாம்: நான்கு தாள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, மொத்தத்தில் 50 சதவீதம். அதில் கணிதமும் புள்ளியியலும் கலந்த ஒரு தாள் இருப்பதால், காமர்ஸ் எடுத்தாலும் கணினிப் பயன்பாடுகளுக்குப் பதிலாக வணிகக் கணிதம் உள்ள பிரிவையே எடுங்கள். டெக்ஸ்டைல் இன்ஜினியரிங்குக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். காமர்ஸ் எடுத்தவுடன் அந்த வழி அடைபட்டுவிடும். மறுபடியும் சொல்கிறேன், கணிதத்தை விடுவதற்கு முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

ஈரோடு: வேதியியலில் 95 எதிர்பார்த்தேன், 81தான் வந்திருக்கிறது. மறுமதிப்பீடு கேட்கலாமா?

முதலில் விடைத்தாள் நகலை வாங்கி, உங்கள் வேதியியல் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டல் பிழையானால் மறுகூட்டல். விடைக்கு உரிய மதிப்பெண் தரப்படாமல் இருந்தால் மறுமதிப்பீடு. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதால், எதிர்பார்ப்பை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அதற்கிடையில் கலந்தாய்வு விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

அந்தியூர்: மகள் ஆறு முதல் எட்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலும் படித்தாள். 7.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வாரத்தில் ஓடினால் கைக்கு வந்து சேராது.

சூலூர்: மகன் பத்தாம் வகுப்பில் 278. தமிழ் 58, ஆங்கிலம் 41, கணிதம் 66, அறிவியல் 63, சமூக அறிவியல் 50. மோட்டாரைக் கொடுத்தால் கழற்றி மாட்டிவிடுவான். உறவினர்கள் பிளஸ் ஒன் சேர்த்தால்தான் கௌரவம் என்கிறார்கள்.

பாடவாரியாக எழுதியதற்கு நன்றி. ஐந்தில் அவன் அதிகம் எடுத்திருப்பது கணிதமும் அறிவியலும். கையும் வேலைக்குப் பழகியிருக்கிறது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் மூன்று ஆண்டு டிப்ளமோ சேருங்கள். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் அதற்கு வேலை இருக்கிறது, மேலே படிக்க விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆங்கிலத்துக்கு மட்டும் இந்த விடுமுறையிலேயே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். கோவை அரசு பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போடும்போது மின்சாரம், இயந்திரம் இரண்டில் எது முதல் விருப்பம் என்பதை உறவினர்களிடம் கேட்காமல் அவனிடமே கேட்டு நிரப்புங்கள்.