அண்ணனுக்குப் பொறுப்பாளர் யார்?

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அப்பா டவுனில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். 2016-இல், 56 வயதில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே அண்ணன். வயது 38. 23 வயதிலிருந்து சிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய். மாத்திரை என்றால் துப்பிவிடுவார் என்பதால் டாக்டர் ரிஸ்பெரிடோன் தண்ணி மருந்து கொடுத்தார். அதை அம்மா அவருக்குத் தெரியாமல் தே-ஓவில் கலந்து கொடுக்கிறார். போன மாதம் "டீயில விஷம் வைக்கிறீங்க" என்று கத்திக் கோப்பையை விட்டெறிந்தார். இப்போது வீட்டில் எதையுமே குடிப்பதில்லை. மாமா, "இவனைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் விட்டுடுங்க, பவர் பத்திரத்தில் அவன் கையெழுத்தை வாங்கி வீட்டை விற்றுடலாம்" என்கிறார். அம்மாவுக்கு 63 வயது. அவருக்குப் பிறகு நான்தான். நான் சட்டப்படி அண்ணனுக்குக் கார்டியன் ஆக முடியுமா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் தேநீர்.

ரிஸ்பெரிடோன் தண்ணி மருந்தைத் தேநீரிலும் கோலாவிலும் கலக்கக் கூடாது. அவற்றோடு அது ஒத்துப்போகாது. தண்ணீர், காப்பி, ஆரஞ்சுச் சாறு, கொழுப்புக் குறைந்த பால் இவற்றில் கலக்கலாம். ஆக, இத்தனை நாளும் அண்ணனுக்கு எவ்வளவு மருந்து போய்ச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாதிக் கோப்பையோடு அவர் எழுந்து போன நாள்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டரோ முழு அளவு போகிறது என்று நம்பிக் கணக்குப் போடுகிறார். குணம் தெரியவில்லை என்று அளவை ஏற்றுவார். அந்த அளவு ஒருநாள் உண்மையிலேயே முழுதாக உள்ளே போனால் உடல் விறைக்கும், கை நடுங்கும், எச்சில் வழியும்.

அதைவிடப் பெரிய சேதம் வேறு. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் தானாகவே வரும். உங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிட்டது. இனி அம்மா சோறு போட்டாலும் அவர் நம்பமாட்டார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. மகன் மருந்தில்லாமல் படும் பாட்டை 15 வருடமாகப் பார்த்தவர் அவர். ஆனால் இதை இன்றே நிறுத்த வேண்டும்.

மாற்று வழி ஊசி. ஃப்ளூஃபெனசின் போன்ற நீண்டநாள் ஊசி மருந்தை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் தினமும் மாத்திரைக்குச் சண்டை வேண்டியதில்லை. மனநல டாக்டர் எழுதிக் கொடுத்தால் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு சில வாரங்கள் வாய் மருந்தும் கூடவே தேவைப்படலாம். அதை டாக்டரிடம் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். "ஊசி போட்டும் சரியாகலை" என்ற பேச்சு பல வீடுகளில் அங்கேதான் தொடங்குகிறது.

இனி உங்கள் கேள்வி. 18 வயது முடிந்தவருக்கு அம்மா என்பதாலோ தங்கை என்பதாலோ யாரும் தானாகச் சட்டப் பொறுப்பாளர் ஆகிவிடுவதில்லை. நோய்ச் சான்று இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் "கார்டியன்" என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று காரியங்கள் இருக்கின்றன: சிகிச்சைக்குக் கூட்டிப் போவது, அன்றாடம் பார்த்துக்கொள்வது, அவருடைய சொத்தையும் பணத்தையும் நிர்வகிப்பது. முதல் இரண்டுக்கும் நீதிமன்றம் வேண்டாம், உறவு போதும். மூன்றாவதற்குத்தான் ஆணை தேவை. அதுவும் அவரால் உண்மையிலேயே முடியாத காரியத்துக்கு மட்டும். தன் பணத்தில் சிகரெட்டும் ரொட்டியும் வாங்கி மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்குகிறவரின் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை.

மாமா சொல்லும் பவர் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது புரியாதவரின் கையெழுத்து நிற்காது. புரிகிற நிலையில் கொடுத்த சாதாரணப் பவர்கூட, கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறிய பிறகு செல்லாது. சில நாடுகளில் அதற்குப் பிறகும் தொடரும் பவர் உண்டு. மலேசியாவில் அந்தச் சட்டம் இல்லை. அந்தப் பத்திரத்தை வைத்து வீட்டை விற்றால் பிறகு வழக்கில் மாட்டப் போவது அம்மாவும் நீங்களும்தான்.

அப்பா உயில் எழுதாததால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படிதான் வீடு பிரியும். அப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நீங்கள் இரண்டே பேர் என்பதால் அண்ணனுக்கு வீட்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கு உண்டு. நில அலுவலகத்தில் விசாரணை நடக்கும் நாளில் அவருடைய நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள். "அவன் வேண்டாம்னு சொல்லிட்டான்" என்று எழுதி வாங்கும் குறுக்கு வழிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

அவர் பங்கை நிர்வகிக்க ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால் அதற்கான இடம் உயர்நீதிமன்றம். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010-இல் நடப்புக்கு வந்தது. அதன் 52-வது பிரிவின் கீழ், ஒருவர் தன்னையும் தன் காரியங்களையும் கவனித்துக்கொள்ள முடியாதவரா என்று விசாரிக்கும்படி மனுப்போடலாம். ஆம் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் நியமிக்கலாம். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். மனநல மருத்துவரின் அறிக்கை, உறவினர்களின் சத்தியப் பிரமாணம், சொத்து விவரம் இவையெல்லாம் வேண்டும். அறிக்கையில் "சிசோஃப்ரினியா" என்று மட்டும் இருந்தால் போதாது. எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று விவரமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் செலவு கையைக் கடிக்கும் என்றால் ஈப்போவில் சட்ட உதவி இலாகாவை முதலில் விசாரியுங்கள். ஆணை கிடைத்த பிறகு அண்ணன் பணத்தையும் உங்கள் பணத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள். வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ மறுபடி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் பற்றி. 1911-இல் திறந்த அந்த மருத்துவமனையின் பெயர் இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. உள்ளே போனவர் திரும்பி வராத காலம் ஒன்று இருந்தது. மாமா மனதில் இருப்பது அந்தக் காலம். இன்றைய சட்டப்படி, விருப்பமில்லாதவரைச் சேர்க்க உறவினரின் விண்ணப்பமும், அவரை நேரில் பார்த்த மருத்துவரின் பரிந்துரையும் வேண்டும். பார்த்து 5 நாளுக்குள் சேர்த்தாக வேண்டும். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அங்கே மறுபடி பரிசோதனை. முதலில் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இருவர் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் மனநல நிபுணராக இருக்க வேண்டும். அப்போதும் மூன்று மாதம் வரைதான். குடும்பம் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடமாக அது இப்போது இல்லை. ஆபத்தான நிலையில் போலீஸுக்கும் சமூகநல அதிகாரிக்கும் அவரைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அதிகாரம் உண்டு. போலீஸ் பாலாய்க்குப் போன் செய்யும்போது "அண்ணன் அடிக்கிறான்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் லாக்கப்பை நினைப்பார்கள். "மனநோயாளி, சிகிச்சையில் இருப்பவர், மருந்து நின்றுபோச்சு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு மருத்துவமனைக் கார்டைக் காட்டுங்கள்.

வீட்டுப் பேச்சையும் சொல்லியாக வேண்டும். 1976-இல் இங்கிலாந்தில் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஓயாமல் குறை சொல்கிற, வெறுப்பைக் காட்டுகிற, அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கிற வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி அதிகம் வந்தது. அதிலும் அந்த உறவினரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அம்மாவும் அண்ணனும் காலையிலிருந்து இரவுவரை ஒரே கூடத்தில் இருக்கிறார்கள் என்றால் மூன்றே நாளில் அந்தக் கணக்குத் தாண்டிவிடும். அதனால் பகலில் சில மணி நேரம் அவர் வெளியே இருக்க ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். மெந்தாரி என்கிற சமூக மனநல மையங்களில் பயிற்சியும் வேலைக்கு ஆதரவும் உண்டு. பழகிய தோட்டத்தில் காலை நேரத்தில் உதிரிப் பழம் பொறுக்கக் கூப்பிட ஆள் இருந்தால் அதுவும் நல்லதுதான். "உன்னாலதான் அப்பா போனாரு" என்ற பேச்சு இனி அந்த வீட்டில் கேட்கக் கூடாது. "எந்நேரமும் படுத்தே கிடக்கிறியே" என்பதற்குப் பதில் "அண்ணே, பத்து மணிக்குக் குளிச்சிடுங்க, கடைக்குப் போகணும்" என்று ஒரே ஒரு காரியத்தை நேரத்தோடு சொல்லுங்கள்.

தோட்டத்து வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: களைக்கொல்லி. பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடை. ஆனால் பழைய மினரல் போத்தலில் ஊற்றி வைத்தது கொட்டகை மூலையில் இன்னும் இருக்கலாம். எந்த விஷ மருந்தாக இருந்தாலும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். தற்கொலை முயற்சி 2023-இல் குற்றம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அப்படி ஏதாவது நடந்தால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காமல் உடனே 999-க்கு அழையுங்கள்.

பணம். அண்ணன் இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சையில் இருப்பதால் மனநலப் பிரிவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டுக்குப் பதியலாம். கோலகங்சார் சமூகநல இலாகாவில் கேளுங்கள். வேலை செய்ய இயலாத ஓகேயுவுக்கு 2021-இல் மாதம் 300 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட உதவி உண்டு. அதற்கு வருமான வரம்பும் உண்டு. அதைவிட முக்கியமானது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அப்பா வேலையில் இருக்கும்போதே, 60 வயதுக்கு முன்பே இறந்திருக்கிறார். அம்மா உயிர்வாழ்வோர் ஓய்வூதியம் வாங்குகிறாரா? அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைக்குப் பொதுவாக 21 வயதோடு நின்றுவிடும். உடலாலோ மனத்தாலோ இயலாமல் தானே சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. 2016-இல் அண்ணன் 21 தாண்டிவிட்டார் என்று யாரும் அவர் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். பழைய கோப்பையும் அவருடைய முதல் மருத்துவச் சான்றையும் எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு நீங்களும் ஒரு நாள் லீவு போட்டு அம்மாவோடு போங்கள். தேநீரில் கலந்ததை, எத்தனை மாதம், எத்தனை எம்.எல். என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், அவர் அளவை மாற்றி எழுதுவதற்கு முன்பே. பிறகு அண்ணன் எதிரிலேயே ஊசியைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பக்கம் போடலாம் என்பதை அவரே சொல்லட்டும்.