வகுப்புல என்ன பேசுறது? – கடிதமும் பதிலும்

வணக்கம். நான் அமெரிக்கால ஒரு மிடில் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். 2020 மே மாசம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்டுங்கிற கறுப்பினத்தவரோட கழுத்துல ஒரு போலீஸ்காரர் ஒம்போது நிமிஷத்துக்கு மேல முட்டிய வச்சு அழுத்திக் கொன்னப்போ கொரோனானால எல்லாமே ஆன்லைன் கிளாஸ். பாதிப் பசங்க கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தாங்க, நான் எதுவுமே சொல்லாம பின்னம் நடத்தி முடிச்சேன். கறுப்பினப் பொண்ணு ஒருத்தி "மிஸ், நியூஸ் பாத்தீங்களா?"ன்னு சாட்ல கேட்டா. "ம், பாத்தேன்"னு மட்டும் போட்டேன். இன்னும் உறுத்துது. வெளிநாட்டுலேர்ந்து வந்த நான் இதுல என்ன பேசுறது? மறுபடி இப்படி நடந்தா என்ன செய்யணும்?
– ஒரு வாசகி

வணக்கம்ங்க.

அவ்ளோ பேர் இருந்த கிளாஸ்ல அந்தப் பொண்ணு உங்ககிட்ட கேட்டிருக்கா. உங்ககிட்ட பேசலாம்னு அவளுக்குத் தோணியிருக்கு, அத நல்லதாவே எடுத்துக்கோங்க.

நாம பேசலன்னா பிள்ளைங்களுக்குத் தெரியாமப் போயிடும்னு பல பெரியவங்க நெனைக்கிறாங்க. ஃப்ளாய்ட் வீடியோவ எடுத்ததே டார்னெல்லா ஃப்ரேசியர்னு 17 வயசு ஸ்கூல் பொண்ணுதான், அவ கூட நின்னது ஒம்போது வயசு கசின். பசங்க நமக்கு முன்னாடியே எல்லாத்தையும் பாத்துடுறாங்க, அதுக்கப்புறம் நம்ம மொகத்தப் பாக்குறாங்க, அங்க ஒண்ணுமே தெரியலன்னா இவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்லபோலன்னு அவங்களாவே ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க.

அதுக்காக பெரிய லெக்சர் எல்லாம் வேணாம். 1960 நவம்பர்ல நியூ ஆர்லியன்ஸ்ல, வெள்ளைப் பிள்ளைங்க மட்டும் படிச்ச ஸ்கூல்ல ரூபி பிரிட்ஜஸ்னு ஆறு வயசுக் கறுப்பினப் பொண்ணு சேந்தா. வாசல்ல கூட்டம் கத்துது, ஃபெடரல் மார்ஷல்கள், அதாவது மத்திய அரசுக் காவலர்கள், காவலோட உள்ள போறா, மத்தவங்க பிள்ளைங்கள நிறுத்திட்டாங்க, பாஸ்டன்லேர்ந்து வந்த பார்பரா ஹென்றிங்கிற டீச்சர் வருஷம் பூரா அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பாடம் எடுத்தாங்க. தனியா சாப்பிடப் பிடிக்காம ரூபி தன்னோட சாண்ட்விச்ச கிளாஸ் அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா, எலி வந்தப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு. அப்புறம் ஹென்றி அவளோட உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாங்க. எனக்கு அந்த டீச்சர்மேல இருக்குற மரியாதையே இதுக்காகத்தான். ரூபியோட அப்பாவுக்கு வேலை போனப்போ வேற வேலை பாத்துக் குடுத்ததும், மார்ஷல் காருக்குப் பின்னாடியே நடந்து போனதும் அக்கம்பக்கத்து ஆளுங்க.

நீங்க வெளியாள்னு சொல்றீங்க, அத என்னால ஏத்துக்க முடியல. ஆசியாக்காரங்களுக்கு அமெரிக்கக் கதவு நல்லாத் தொறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துலதான், அது இனப் பாகுபாட்டத் தடை பண்ணுன சிவில் ரைட்ஸ் சட்டத்துக்கு அடுத்த வருஷம் வந்தது, கறுப்பின மக்கள் தெருவுல அடி வாங்கி உண்டாக்கின சூழ்நிலைலதான் அது பாஸ் ஆச்சு. உங்களுக்கும் எனக்கும் இதுல பங்கு இருக்கு.

மறுபடி இப்படி ஒண்ணு நடந்தா மொத அஞ்சு நிமிஷத்துலயே "நடந்தது அநியாயம், எனக்கும் மனசு கஷ்டமா இருக்கு, பேசணும்னா நான் இருக்கேன்"னு சொல்லிடுங்க. ஹோம்வொர்க் தேதியத் தள்ளி வைங்க. பாடம் நடத்தலாம்னு பசங்களே கேட்டா தாராளமா நடத்துங்க, சில பசங்களுக்கு கணக்குதான் அப்போ மூச்சு விடுற எடம். அந்த வீடியோவ கிளாஸ்ல போடவே போடாதீங்க. கறுப்பினப் பிள்ளைகிட்ட "நீ என்ன நெனைக்கிற, எல்லாருக்கும் சொல்லு"ன்னு கேக்குறது கொடுமை, அந்தப் பாரத்த அது தலைல ஏத்தாதீங்க. கிளாஸ்ல போலீஸ்காரர் பிள்ளையும் இருக்கலாம், அதையும் யாரும் சீண்டாமப் பாத்துக்கணும், அதுக்காக நடந்தத அநியாயம்னு சொல்லாம விடணும்னு இல்ல.

அப்புறம் வீட்டுக்கு ஃபோன் போடுங்க, ஏன்னா கலவரம் வந்தா மொதல்ல அடிபடுறது அன்னாடப் பொழப்புதான். ஃப்ளாய்ட் செத்தப்புறம் நடந்த கலவரத்துல மினியாபொலிஸ்ல லேக் ஸ்ட்ரீட் பக்கம் மளிகைக் கடைங்க சேதமாகி மூடினதும் சான்ஃபோர்ட் மிடில் ஸ்கூல்காரங்க பசங்க வீட்டுக்காக 85 பை சாப்பாட்டுச் சாமான் கேட்டாங்க, ஜனங்க கார்ல வரிசை கட்டி நின்னு ஆயிரக்கணக்குல கொண்டுவந்து குடுத்தாங்க. 85 வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சதே எந்தெந்த வீட்டுல கஷ்டம்னு ஸ்கூலுக்குத் தெரிஞ்சிருந்ததாலதான். நீங்க ஃபோன்ல கேக்க வேண்டியதும் அதேதான்: சாப்பாடு இருக்கா, பஸ் ஓடுதா, பிள்ளை ராத்திரி தூங்குதா.