சிஎஸ்வி கோப்பை டேட்டாபேஸில் ஏற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் கமாவால் பிரித்த டெக்ஸ்ட் கோப்பு) எக்செலில் திறந்து ஒரு பெயரைத் திருத்திச் சேமித்தேன். ஏற்றிய பிறகு பார்த்தால் 00457 என்ற வாடிக்கையாளர் எண் 457 ஆகிவிட்டது!

பதில்: எக்செல் திறக்கும்போதே அதை எண்ணாக எடுத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள பூஜ்யங்கள் அப்போதே போய்விடும், சேமித்தால் கோப்பிலிருந்தும் போய்விடும். 16 இலக்க எண் என்றால் இன்னும் மோசம், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, பிரதியை நோட்பேட் போன்ற எடிட்டரில் திருத்துங்கள். டேட்டாபேஸ் டேபிளிலும் அந்தக் காலம் (நெடுவரிசை) டெக்ஸ்ட் வகையாக இருக்கட்டும். கூட்டிக் கழிக்காத எண்ணுக்கு எண் வகை எதற்கு?

கேள்வி: பொருள் விவரத்தில் கமா வந்தால் காலங்கள் இடம் மாறுகின்றன. கமாக்களை நீக்கிவிடவா?

பதில்: வேண்டாம். அந்த மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். உள்ளேயே மேற்கோள்குறி இருந்தால் அதை இரண்டாக எழுத வேண்டும்: "மேஜை, 24"" அகலம்". சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் சொல்வதும் இதுதான்.

கேள்வி: தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குப்பை எழுத்தாக வருகின்றன.

பதில்: எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைதான் என்கோடிங். அதில் ஒன்று யுடிஎஃப்-8. ‘அ’ யுடிஎஃப்-8இல் 3 பைட். அதை வேறு என்கோடிங்கில் படித்தால் மூன்று தனி எழுத்துகளாகக்கூடத் தெரியும். கோப்பை யுடிஎஃப்-8இல் சேமித்து, ஏற்றும் கட்டளையிலும் அதையே சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்றால் அங்கே அதன் பெயர் யுடிஎஃப்8எம்பி4.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏதோ ஒரு வரியில் தேதி தப்பு. மொத்தமும் ரத்தாகிவிட்டது அண்ணா. தப்பான வரிகளை மட்டும் தாண்டிப் போக வைக்கலாமா?

பதில்: அரைகுறையாக ஏறாமல் நின்றதே நல்லது. மைஎஸ்கியூஎல்லில் ஏற்றும் கட்டளையில் ‘லோக்கல்’ என்ற சொல்லைப் போட்டு ஏற்றினால் இதே பிழை வெறும் எச்சரிக்கையாகப் போய்விடும், தப்பான மதிப்பு உள்ளே உட்கார்ந்துவிடும். நான் எப்போதும் செய்வது இதுதான்: எல்லாக் காலமும் டெக்ஸ்டாக ஒரு தற்காலிக டேபிள். வந்தது வந்தபடி அதில் ஏற்றிவிடுவேன். அப்புறம் தேதி வடிவத்தில் இல்லாத வரிகளை ஒரு கொரியில் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) எடுத்துப் பார்த்து, சரிசெய்து, அங்கிருந்துதான் உண்மையான டேபிளுக்கு மாற்றுவேன். ஆனால் 03/04/2021 மார்ச்சா ஏப்ரலா என்று எந்தக் கொரியும் சொல்லாது. கோப்பு கொடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: காலியாக விட்ட இடம் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) என்று வருமா?

பதில்: போஸ்ட்கிரெஸின் சிஎஸ்வி முறையில் வெறுமனே விட்டால் நல், "" என்று இருந்தால் காலி டெக்ஸ்ட். மைஎஸ்கியூஎல்லில் நல் வேண்டுமென்றால் \N என்று, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.