மண்ணில் கிடக்கும் கோதுகள்: சில கேள்விகளும் பதில்களும்

போர் நடந்த வன்னியில் மாரி மழை ஓய்ந்து தோட்ட வேலை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே பொருளைப் பற்றித்தான் இருக்கும்: மண்ணைக் கிளறும்போது வெளியே வரும் ரவைக் கோதுகள், அதாவது துவக்கு ரவையின் உலோகக் கூடுகள். நான் பல ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தவன். அதற்கு முன்னர் அப்பாவின் பட்டறையில் பித்தளை உருக்கி வார்த்தவன். இந்த முறை வந்த ஐந்து கேள்விகளுக்கு அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி: வாழைக்கன்று நடக் கிடங்கு வெட்டினேன். இருபது முப்பது கோதுகள் வந்தன. எந்தத் துவக்கினுடையவை என்று எப்படி அறிவது?

தம்பி, அந்தக் கிடங்கை அப்படியே விட்டுவிடுங்கள். போன வழியாலேயே திரும்பி வாருங்கள். காரணம் சொல்கிறேன். வெற்றுக் கோதுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் அங்கே யாரோ நிலை எடுத்து நின்று சுட்டிருக்கிறார்கள். நிலை எடுத்த இடம் என்றால் பங்கரோ (பதுங்குகுழி) மண் அணையோ இருந்திருக்கும். அதற்கு முன்புறம்தான் மிதிவெடி புதைப்பார்கள். நாங்கள் வேலை செய்த நாட்களில் கோதுக் குவியலைக் கண்டால் அணை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைத்தான் முதலில் யோசிப்போம். உங்கள் கையில் வந்தது கோது மட்டுமாக இருக்கலாம். அடுத்த வெட்டில் வருவதும் கோதுதான் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 119க்கு அழையுங்கள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோதின் அடிப்பக்கத்தில்தான் அதன் பிறப்புச் சான்று இருக்கிறது. பெரும்பாலான இராணுவக் கோதுகளில் தொழிற்சாலையின் குறியும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் அச்சடிக்கப்பட்டிருக்கும். கே.எஃப். என்றிருந்தால் இந்தியாவின் கிர்கீ தொழிற்சாலை. ஓ.எஃப்.வி. என்றால் அதே நாட்டின் வரண்காவ். பி.ஓ.எஃப். பாகிஸ்தான், ஆர்.ஜி. இங்கிலாந்தின் ராட்வே கிரீன். சீனக் கோதில் எழுத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலை எண் மேலேயும் ஆண்டு கீழேயும் இருப்பது வழக்கம். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் நேட்டோ படைக் கூட்டணியின் அளவுக்குச் செய்தது. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தக் குறி கோதைச் செய்தவரைச் சொல்லும், சுட்டவரைச் சொல்லாது.

அடுத்தது உருவம். அடியில் தட்டுப்போல விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வகைக்குத்தான் சாத்தியம் அதிகம். ஒன்று பழைய பிரிட்டிஷ் .303, நீளம் 56 மில்லிமீற்றர். மற்றது 1891இல் ரஷ்யாவில் பிறந்து இன்றும் பி.கே. இயந்திரத் துவக்கில் ஓடுகிற 7.62, நீளம் 54. விளிம்பு நீட்டாமல் அடியைச் சுற்றிப் பள்ளம் மட்டும் இருந்தால் நீளத்தைப் பாருங்கள். கட்டையாக, வாய்ப்பக்கம் ஒடுங்கிக்கொண்டே போய் 39 அளவில் முடிந்தால் ஏகே, ரி-56 துவக்கு வகை. 45 நீளத்தில் மெலிந்திருந்தால் எம்-16 வகை. 51 நீளத்தில் தடித்திருந்தால் எஸ்.எல்.ஆர். போன்றவற்றினது.

படத்தில் தெரிபவை பெரும்பாலும் 39 வகை. மேலே செம்பு நிறம், உரிந்த இடத்தில் செந்துரு. அவை பித்தளையே அல்ல, செம்பு பூசிய இரும்பு. அந்தக் குவியலின் ஓரத்தில் விரல் மொத்தத்தில் பொன்னிறமாக ஒன்று பாதி புதைந்து தெரிகிறது. அதைக் கோது என்று நினைத்துவிடாதீர்கள். 40 மில்லிமீற்றர் எறிகுண்டின் முனையும் அப்படித்தான் தெரியும். அது எதுவாக இருந்தாலும், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும்.

வவுனியாவிலிருந்து ஓர் அக்கா: கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி குறிபார்த்துச் சுடும் கழகத்தில் இருக்கிறான். கோதுகளை மீண்டும் நிரப்பிப் பாவிப்பானாம். "அங்கே சும்மா கிடப்பதைப் பொறுக்கி அனுப்பு" என்கிறான். அனுப்பலாமா?

வேண்டாம் அக்கா. தம்பி கேட்டதில் பிழையில்லை. உரிமம் உள்ளவர்கள் சுட்ட கோதைச் சுத்தம் செய்து புது பிரைமர் (அடிபட்டதும் தீ மூட்டும் சிறு மூடி), வெடிமருந்து, சன்னம் (பாய்ந்து போகும் குண்டு) வைத்துப் பாவிப்பது அங்கே சாதாரணம். இங்கே அப்படியில்லை. ரவையோடு தொடர்புள்ள எதுவும் வன்னியில் ஒருவர் பையில் இருந்தால் அதன் பொருள் வேறு. விமான நிலைய ஸ்கேனரில் ஒரு கோது தெரிந்தாலே அதைக் கொண்டு போகிறவரின் பயணம் அன்றைக்கு முடிந்துவிடும். பொறுக்கப் போகும் நிலத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

தம்பிக்கு விளங்கும் மொழியிலும் ஒரு பதில் தருகிறேன், அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கோதின் வாய்க்குள் பார்த்தால் அடியில் நடுவே ஒரே ஒரு துளை இருந்தால் அது பொக்ஸர் முறை. பிரைமர் அடிபட்டு நசுங்கத் தேவையான பட்டடை (அடியைத் தாங்கும் சிறு முனை) பிரைமருக்குள்ளேயே இருக்கும். வாய் வழியாக ஓர் ஊசியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்றுவிடும். இரண்டு சிறு துளைகள் பக்கம் பக்கமாக இருந்தால் பெர்டன் முறை. அங்கே பட்டடை கோதின் உடம்பிலேயே அமைந்திருக்கும், ஊசிக்கு வழியில்லை. பொக்ஸர் ஓர் ஆங்கில அதிகாரி, பெர்டன் ஓர் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பொக்ஸர் முறையை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவும் ஆசியாவும் பெரும்பாலும் பெர்டன் முறைக்குப் போயின. வன்னி மண்ணில் வருபவற்றில் மிகப் பல பெர்டன், அதிலும் பாதி இரும்பு. உங்கள் தம்பியின் மேசைக் கருவிக்கு அவை பயன்படாது.

பொக்ஸராகவே இருந்தாலும் சிக்கல் தீராது. இயந்திரத் துவக்கின் அதிர்வில் பிரைமர் பின்னால் நழுவாமலிருக்க இராணுவக் கோதில் அதைச் சுற்றி உலோகத்தை அடித்து நெருக்கியிருப்பார்கள். அந்த நெருக்கலை வெட்டியோ அழுத்தியோ எடுக்காமல் புதியது உட்காராது. இராணுவக் கோதின் சுவர் பல வேளைகளில் கடைச் சரக்கைவிடத் தடிப்பு, அதனால் உள்ளிடம் குறைவு. அதே அளவு மருந்தைப் போட்டால் அழுத்தம் ஏறும். சுடும் கணத்தில் இந்தக் கோதுகள் தாங்குவது காற்றழுத்தத்தின் மூவாயிரம் மடங்குக்கும் மேல். இயந்திரத் துவக்கில் சுடப்பட்டது ஏற்கெனவே நீண்டிருக்கும். அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் உள்ளே சுவர் மெலிந்துவிட்டது, அடுத்த முறை அங்கேதான் இரண்டாகப் பிரியும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, மண். கோதுப் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு நாகம் (துத்தநாகம்). ஈரத்திலும் உப்பிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நாகம் கரைந்து வெளியேறி, பஞ்சுபோன்ற செம்பு மட்டும் எஞ்சும். மேலே தேய்த்தால் பளபளக்கும். ஆனால் மஞ்சளுக்கு நடுவே இளஞ்சிவப்பாகத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டில் பலம் கிடையாது. நந்திக்கடல் கரை மண்ணில் நான் கண்ட கோதுகளில் சில விரலால் அழுத்தவே உடைந்தன. கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஒரு சாண் தூரத்தில் வெடிக்கப்போகும் பொருளை அப்படிப்பட்ட உலோகத்தில் செய்ய எந்த அக்காவும் உதவக்கூடாது. தம்பிக்குத் தேவையான கோது அங்கே கடையில் பெட்டியில் கிடைக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: இரண்டாம் உலகப்போர் காலத்து .303 வெற்றுக் கோது ஒன்று அப்பாவின் நினைவாக வீட்டில் இருந்தது. மாட்டுக்கொட்டில் வளையில் வைத்திருந்தோம். யாரும் தொடாமலே கழுத்துப் பகுதி நீளவாக்கில் பிளந்திருக்கிறது. ஏன்?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. விடை நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது: மாட்டுக்கொட்டில்.

பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவில் இராணுவம் ஒரு புதிருக்கு முன்னால் நின்றது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த ரவைகளின் கோதுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். 1921இல்தான் காரணம் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியிருக்கிறது. ஆனால் அமோனியா மட்டும் போதாது. தட்டையான பித்தளை வில்லையைப் பல தடவை அழுத்தி இழுத்துத்தான் கோது செய்கிறார்கள். கடைசியில் கழுத்தை ஒடுக்குகிறார்கள். இந்த வேலையில் உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அமோனியா உலோக மணிகளின் சந்துகளை அரிக்க, இறுக்கம் அந்தச் சந்து வழியே கிழித்துக்கொண்டு வெளியேறும்.

பரிகாரமும் பட்டறைக்காரருக்குத் தெரிந்ததுதான்: கழுத்தை அளவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது. புது இராணுவக் கோதின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியுமே, அது அந்தச் சூட்டின் தடம். வியாபாரச் சரக்கில் அதை மெருகேற்றி அழித்துவிடுவார்கள். இராணுவம் அப்படியே விட்டுவைக்கும்.

யூரியா மூட்டை இருக்கும் அறையும் கொட்டிலும் பித்தளைக்கு ஆகாது. உங்கள் குத்துவிளக்கையும் அங்கே வைக்க வேண்டாம். பிளந்த கோதை ஒட்டப் பார்க்காதீர்கள். அதன் அடியில் பிரைமர் உண்மையில் வெடித்து முடிந்ததா என்பதை மட்டும் பொலிஸ் நிலையத்தில் ஒருமுறை காட்டி உறுதி செய்து, வைத்திருக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள். அப்பாவின் பொருள், முறையாக இருக்கட்டும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: பழைய இரும்பு வியாபாரி பித்தளைக் கோதுக்கு நல்ல விலை தருகிறார். உருக்கி விளக்குச் செய்வார்களாம். விற்கலாமா?

விற்க வேண்டாம். நூறு வெற்றுக் கோதுகளுக்குள் ஒரு முழு ரவை கலந்திருந்தால் போதும். உலைச் சூட்டில் அது வெடித்துப் பித்தளைச் சில்லுகள் எல்லாப் பக்கமும் பறக்கும். உருக்குபவர் குனிந்துதான் நிற்பார். சுடப்படாத பிரைமர் மட்டும் இருந்தாலும் காயம் வரலாம். உருகும்போது நாகம் புகையாகும், அது 907 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் உலோகம். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். அப்பாவுக்கு வந்து பார்த்திருக்கிறேன். கோதோடு ஒட்டியிருக்கும் ஈயமும் அந்தப் புகையில் சேரும். அறிந்த பட்டறைக்காரர் பழைய குழாய்த் தலையையும் உடைந்த பாத்திரத்தையும் வாங்குவார், கோதை வாங்க மாட்டார்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் கோதில் திறப்புக்கோர்வை செய்து நண்பர்களுக்குக் கொடுக்கிறான். அடியில் குழி விழுந்தது மட்டும்தான் எடுக்கிறானாம். பயப்பட வேண்டுமா?

ஆம் அம்மா, பயப்பட வேண்டும். குழி விழுந்திருந்தால் சுடப்பட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். துவக்கின் ஊசி அடித்தும் வெடிக்காமல் போன ரவையிலும் அதே குழி இருக்கும். சன்னம் இல்லாத கோதிலும் உயிருள்ள பிரைமர் இருக்கலாம். வளையம் மாட்ட அவன் துளையிடும் இடமே அடிப்பக்கம்தான். இன்னொன்று, கோதுகளைத் தேடும் கண் மெல்லிய செம்புக் குழாயையும் அலுமினியக் குழாயையும் சேர்த்துப் பொறுக்கும். அது டெற்றனேற்றர், பெரிய வெடியைத் தூண்டிவிடும் சிறு வெடி. பென்சில் துண்டு அளவில் இருக்கும், கை விரல்களைக் கொண்டுபோய்விடும்.

அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்து வைப்பான். எந்த இடத்தில் எடுத்தான் என்பதை அமைதியாகக் கேட்டறியுங்கள், நண்பர்களிடம் கொடுத்தவை எத்தனை என்பதையும். வீட்டில் உள்ளதை ஒருவரும் தொடாமல், அந்த அறையைப் பூட்டிவிட்டு 119க்கு அழையுங்கள். வருபவர்கள் பிள்ளையை அதட்டினால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவன் இடத்தைக் காட்டினால்தான் அந்த வளவு துப்புரவாகும்.