ஓணத்துக்கு 64 வீடு, யோகத்துக்கு 9 பேர்!

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. கல்யாணமாகிப் பாலக்காடு வந்து 16 வருடம் ஆகிறது. ஒலவக்கோடு பக்கம், நகராட்சி எல்லைக்குள், 64 வீடுகள் உள்ள ஒரு தெருவில் இருக்கிறோம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தமிழ் பேசும் வீடுகள். நான் மலையாளம் நன்றாகப் பேசுவேன், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். போன மாதம் எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் பொதுயோகத்துக்கு (இங்கே கூட்டத்தை யோகம் என்பார்கள்) 9 பேர்தான் வந்தார்கள். யாரும் கை தூக்காததால் என்னை இணைச் செயலாளர் ஆக்கி, மாதச் செய்தித் தாளையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை அதை எழுதியவர் செயலாளர், ரிட்டயர்ட் ஆன மாஷ் (வாத்தியார்). தாளின் இரண்டு பக்கமும் நெருக்கமான மலையாளம். தமிழிலும் போடலாமே என்றேன். ஒருவர், "கேரளத்தில் இருக்கிறவர்களுக்கு மலையாளம் போதாதா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இந்தத் தெருவில் யாருக்கும் அக்கறையே கிடையாது. ஓணத்துக்கு மட்டும் எல்லா வீடும் வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ராஜினாமா செய்துவிடட்டுமா?
(பெயர் வெளியிட வேண்டாம், பாலக்காடு)

பதில்: தங்கச்சி, ராஜினாமாக் கடிதத்தை ஏற்கனவே எழுதிவிட்டீர்கள் என்றால் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வையுங்கள். இப்போது கொடுக்க வேண்டாம்.

யாருக்கும் அக்கறை இல்லை என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஓணத்துக்கு எல்லா வீடும் வரும் என்கிறீர்கள். அக்கறை இல்லாத ஆள் லீவு நாளில் விடியற்காலை எழுந்து வந்து முட்டி போட்டுப் பூக்களம் போடுவாரா? சாப்பாட்டுக்காக வருகிறார்கள் என்று உங்கள் மாஷ் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சத்யா என்கிற ஓண விருந்துக்கு முந்தின ராத்திரி காய் நறுக்க உட்காருவார்களே, அங்கே போய்ப் பாருங்கள். சேனை ஒரு குவியல், பூசணி ஒரு குவியல், முருங்கைக்காய் ஒரு கட்டு. ஒருத்தி வந்து உட்கார்ந்ததுமே, "இந்தா, அவியலுக்கு, விரல் நீளம்" என்று கையில் கத்தி வந்துவிடும். அவளிடம் போய் யாரும் "தெருவின் முன்னேற்றத்துக்குத் தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்க வேண்டும்" என்று கேட்பதில்லை. யோகத்தில் நாம் கேட்பதெல்லாம் அதைத்தான். மேலான ஒத்துழைப்பு என்றால் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். தெருவின் நிஜமான செய்தி அந்த ராத்திரியில்தான் ஓடும். எந்த வீட்டுக் கிணறு கலங்கிவிட்டது, எந்த முக்கில் நாய் துரத்துகிறது, குடிதண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது, யார் வீட்டுப் பையன் இரண்டு மாதமாக வேலை தேடுகிறான், எல்லாம் வந்துவிடும். கமிட்டிக்காரர்கள் பந்தலில் நாற்காலி போட்டு மைக் செட்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். செய்தியெல்லாம் பாயில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் அந்தப் பாயில் உட்காருகிறவர். மாஷுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும்.

காய் நறுக்க ஓணம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். குடும்பஸ்ரீ, கேரள அரசு 1998இல் தொடங்கிய பெண்கள் திட்டம்; அயல்கூட்டம் அதன் அக்கம்பக்கச் சேமிப்புக் குழு. பத்திலிருந்து இருபது பெண்கள் சேர்ந்தால் ஒரு கூட்டம். உங்கள் அசோசியேஷனைவிட அங்கே ஆள் ஒழுங்காக வரும். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் சேமிப்புக் காசு வைக்க வேண்டும், கடன் கேட்கிறவர் கேட்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். போகாமல் இருந்தால் நஷ்டம் நமக்கு. தாள் எழுதுவதற்கு முன் அங்கே ஒரு தடவை போய் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள்.

இனி தாளுக்கு வருகிறேன். "தெருவிளக்குப் பிரச்சினை குறித்து உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது" என்கிற மாதிரி வாக்கியம் மாஷின் தாளில் கட்டாயம் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லா அசோசியேஷன் தாளும் இந்த நடையில்தான் எழுதப்படுகிறது. இதைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார்? தாளை மடித்து விசிறிக்கொள்வார். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "அரசமர முக்கில் உள்ள போஸ்ட்டில் விளக்கு 12 நாளாக எரியவில்லை. போஸ்ட் எண்ணைச் சொல்லிப் புதன்கிழமை புகார் கொடுத்திருக்கிறோம். எதிர் வீட்டு அக்கா தினம் ராத்திரி பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்." எந்த இடம், எத்தனை நாள், யார் என்ன செய்தார், இனி யார் பார்க்கிறார். அடுத்த மாதத் தாளில் "எரிகிறது, அக்காவுக்கு நன்றி" என்று ஒரு வரி போடுங்கள். அதற்கடுத்த மாதம் தானாக ஒருவர் வந்து கால்வாய் அடைப்பைப் பற்றிச் சொல்வார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிற மாதிரி ஒரு பகுதியும் வேண்டும். அதற்கு ஹரிதகர்மசேனையை விட்டால் வேறு விஷயம் இல்லை (இது அவியல் சேனை இல்லை, வீடு வீடாக வந்து கழிவு எடுக்கிற பெண்கள் குழு). கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை அவர்கள் மாதாமாதம் வீட்டுக்கு வந்து எடுக்கிறார்கள். கண்ணாடி, பழைய செருப்பு, பை, துணி, மின்கழிவு எல்லாவற்றுக்கும் தனித்தனி மாதம் வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் உடைந்த டியூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, எடுக்க மாட்டேன் என்று சொன்னதும் சண்டை போடுகிறோம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீக்காரர்கள், நம் பக்கத்துத் தெருவில் இருந்தே வருகிறவர்கள். அடுத்த மாதம் என்ன எடுப்பார்கள், எந்தத் தேதி வருவார்கள் என்று அவர்களிடமே கேட்டுக் கட்டம் போட்டுப் போடுங்கள்.

ஜூன் மழை தொடங்கினால் கொசு. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, தேங்காய்ச் சிரட்டை, இவற்றில் தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு தடவை கவிழ்த்துக் காயவைத்தால் போதும். இதை இங்கே டிரை டே என்பார்கள். எங்கள் தெருத் தாளில் நான் ஒருமுறை "ஞாயிறு டிரை டே" என்று மட்டும் போட்டுவிட்டேன். கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடை மூடுகிற நாளுக்கும் அதே பெயர்தானே! சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வந்து, "சேச்சி, இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாதா?" என்று கவலையோடு கேட்டார்கள். தொட்டித் தண்ணீர் என்று சேர்த்து எழுதுங்கள்.

போடக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அது என் தப்பு. வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் நான் பொருளாளர். சந்தா பாக்கி வைத்திருந்த ஏழு வீட்டின் பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பணம் இரண்டே நாளில் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் ஒரு வீடு, அப்பளம் இட்டு விற்றுக் குடும்பம் நடத்தின ஓர் அக்கா வீடு. மூன்று மாதப் பாக்கி 30 ரூபாய். சில்லறையாக எண்ணி என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் கேட்டுப் பக்கம் நிற்கவே இல்லை. அந்த வருடம் அவர் வீட்டுப் பிள்ளைகள் பூக்களத்துக்கு வரவில்லை. மழைக்காலத்தில் அப்பளம் காயாது, அந்த மூன்று மாதம் அவருக்கு வருமானமே இருக்காது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாசலில் நின்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். பட்டியலை அழகாக எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதனால் பாக்கி, நோய், கடன், குடும்பச் சண்டை எதுவும் தாளுக்கு வேண்டாம். பாயில் கேட்டதில் பாதி பாயிலேயே இருக்கட்டும்.

சரி, மொழி. அந்த ஆள் கேட்டது வலித்திருக்கும். பாலக்காடு 1956 அக்டோபர் வரைக்கும் மதராஸ் மாநிலத்து மலபார் ஜில்லாவில் இருந்த ஊர், இங்கே தமிழ் விருந்தாளி இல்லை என்று பதில் சொல்ல உங்களுக்கு நாக்கு துடித்திருக்கும். சொல்லாததே நல்லது. அதைச் சொல்லியிருந்தால் பேச்சு 1956க்குப் போயிருக்கும், தெருவிளக்கு அங்கேயே இருந்திருக்கும்.

விஷயத்தை இப்படிப் பாருங்கள். உங்கள் தெருத் தமிழ் வீடுகளில் மலையாளம் புரியாதவர் அநேகமாக இருக்க மாட்டார். எழுத்துதான் தகராறு. அதுவும் உங்களைப் போலக் கல்யாணமாகி வந்தவர்களுக்கும் பாட்டிமாருக்கும்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சரளமாகப் படிக்கும். ஆகவே ஒரே தாள். முன்பக்கம் மலையாளம், பின்பக்கம் தமிழ். ஐந்தே செய்தி. மாஷ் இரண்டு பக்கம் எழுதினது ஒரு பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். காகிதச் செலவு ஒரு பைசாகூட ஏறாது. செலவு ஏறாதபோது யோகத்தில் எதிர்க்கிறவருக்குப் பேச விஷயம் குறைந்துவிடும்; அனுபவத்தில் சொல்கிறேன். அதோடு நீளமும் தானாகக் குறைந்துவிடும். தாளை வாசிக்க முடியாதவர்களுக்கு இரண்டு நிமிஷம் குரல்பதிவு போதும். தமிழை நீங்கள் பேசுங்கள், மலையாளத்தை ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்கு மனு எழுதுவது வேறு விஷயம். அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவின்படி, குறையைச் சொல்லும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடம் வைத்தார்கள். உங்கள் பாட்டிமார் யாராவது தமிழில் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மாஷை விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடம் தனியாக எழுதினவர். தாளை நீங்கள் வாங்கிக்கொண்டது அவருக்கு நிம்மதியாகவும் இருக்கும், கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும். "மாஷே, என் மலையாளத்தைத் திருத்தித் தாங்க" என்று சிவப்புப் பேனாவோடு போய் நில்லுங்கள். ஆசிரியராக இருந்தவர் அதற்கு மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. தெரு எப்படி வந்தது, முதல் வீடு யாருடையது, வயல் எதுவரை இருந்தது என்று ஒரு மூலையில் அவர் எழுதட்டும். அது நன்றாகவே இருக்கும்.

இன்னும் ஒன்று அவரிடம் கேளுங்கள்: அசோசியேஷன் பதிவு செய்யப்பட்டதா? மலபார் பகுதியில் இது 1860ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். ஏழு பேர் இருந்தால் பதியலாம், நிர்வாகிகள் பட்டியலை வருடா வருடம் கொடுக்க வேண்டும். பல அசோசியேஷன்களில் முதல் வருடத்தோடு அந்தப் பட்டியல் நின்றிருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு கமிட்டி என்று ஒன்று உண்டு. கவுன்சிலர் தலைமை, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்களுக்கும் அயல்கூட்டங்களுக்கும் அதில் இடம். 2011 கணக்குப்படி பாலக்காடு நகராட்சி ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நகராட்சியில் உங்கள் சங்கம் பதிவாகி, காகிதமும் சரியாக இருந்தால், அங்கே உங்கள் தெருவுக்காக ஒருவர் பேச வழி இருக்கிறது. அங்கே என்ன பேசினார்கள் என்பது உங்கள் ஐந்து செய்தியில் ஒன்று.

குட்மார்னிங் படங்களைத் திட்டாதீர்கள். அறிவிப்புக்கு மட்டும் தனிக் குழு தொடங்கி, அதில் நீங்களும் மாஷும் மட்டும் போடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பழைய குழு இருக்கட்டும். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் தினமும் ஆறு மணிக்கு ரோஜாப்பூ அனுப்புவார். ஒரு நாள் ஒன்பது மணியாகியும் பூ வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையன் போய்க் கதவைத் தட்டினான். குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், பூவும் வந்துகொண்டிருக்கிறது.

முதல் தாள் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். போஸ்ட் எண்ணை மட்டும் நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். நான் ஒரு தடவை 7க்குப் பதில் 1 போட்டுவிட்டேன். அடுத்த தெருவில் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டுப் போனார்கள்.