கோல்கீப்பரைக் கேளுங்கள்: அடுத்த மேனேஜர் யார்?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி கால்பந்து மேனேஜர், அதாவது அணியைப் பயிற்றுவித்து நடத்துபவர், பற்றிய விவகாரம்தான். ஆஃப்சைடு, வீஏஆர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். என் அறைத் தோழன் லிவர்பூல். ஒவ்வொரு முறை மேனேஜரை மாற்றும்போதும், எங்கள் பழைய வீரர் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கட்சி. 'அதான் உங்கள் பழைய வீரர் சோல்ஷாரை மேனேஜராக வைத்துப் பார்த்தீர்களே' என்று அவன் சிரிக்கிறான். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் சார்.
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, உங்கள் தோழன் சிரிப்பது நியாயம்தான். ஆனால் அவன் சிரிக்கும் காரணம் தவறு.

2019 மார்ச் 6, பாரிஸ். சாம்பியன்ஸ் லீக்கில், அதாவது ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியில், இரண்டாம் ஆட்டம். சோல்ஷார் அப்போது தற்காலிக மேனேஜர். முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.யிடம் 0-2 என்று தோற்றுவிட்டுப் போயிருந்தது யுனைடெட். காயம், தடை என்று பத்துப் பேர் இல்லை. பென்ச்சில் பாதி அகாடமிப் பையன்கள். லுகாகு 2 கோல் போட்டார். 90 நிமிடம் தாண்டி, ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்ட்டியை ரேஷ்ஃபோர்டு ஒரு துளி பதற்றமில்லாமல் மேல் மூலையில் அடித்தார். 3-1. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3, எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட கணக்கில் யுனைடெட்டுக்கு வெற்றி. டிவியில் உட்கார்ந்திருந்த யுனைடெட்டின் பழைய வீரர் ரியோ ஃபெர்டினாண்ட், ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வையுங்கள், என்ன தொகை வேண்டுமோ சோல்ஷாரே எழுதிக்கொள்ளட்டும் என்கிற ரீதியில் பேசினார். அன்றைக்கு உலகத்தில் இருந்த எல்லா யுனைடெட் ரசிகர்களும் அதையேதான் சொன்னார்கள். அதில் தப்பில்லை. ரசிகன் வேறு எப்படிப் பேசுவான்?

தப்பு எங்கே என்றால், சம்பளம் வாங்கிக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவர்களும் அதே ராத்திரியை வைத்தே முடிவெடுத்தார்கள். மூன்றே வாரத்தில், மார்ச் 28-ஆம் தேதி, 3 ஆண்டு ஒப்பந்தம். தற்காலிகமாக இருந்தபோது 19 ஆட்டங்களில் 14 வெற்றி பெற்றவர், கையெழுத்துப் போட்ட பிறகு அந்த சீசனில் மிச்சமிருந்த 10 ஆட்டங்களில் 2-தான் ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில், கீழ் லீக்குக்கு இறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்ட கார்டிஃப் வந்து 2-0 என்று அடித்துவிட்டுப் போனது. சீசன் முடியும்வரை காத்திருந்தால் குடி முழுகியா போயிருக்கும்?

இவ்வளவுக்கும் சோல்ஷார் மோசமான மேனேஜர் இல்லை. அடுத்த இரண்டு சீசன்களில் மூன்றாம் இடம், இரண்டாம் இடம். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கின் 2021 இறுதியில் ஸ்பெயினின் விய்யாரியலிடம் பெனால்ட்டியில் 11-10 என்று தோற்றதுதான் அவர் கோப்பைக்கு மிக அருகில் போன தருணம். இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர் அடித்து முடித்து, கடைசியில் கீப்பர்கள் இருவரும் அடிக்க வேண்டி வந்தது. விய்யாரியல் கீப்பர் ருல்லி தானும் போட்டார், யுனைடெட் கீப்பர் டே ஹேயா அடித்ததையும் தடுத்தார். அந்த நடையை, பந்து வைத்த இடம் வரைக்கும் டே ஹேயா நடந்ததை, என்னால் இன்னும் முழுதாகப் பார்க்க முடியாது. மாவட்ட லீக்கில் கோல் காத்தவனுக்கே வயிற்றைக் கலக்குகிறது.

சரி, பழைய வீரர் விஷயம். குவார்டியோலா பார்சிலோனாவின் பழைய வீரர். ஜிடான் ரியல் மாட்ரிடின் பழைய வீரர். இருவருமே பெரிய நாற்காலியில் உட்காரும் முன் அதே கிளப்பின் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்தார்கள். டால்கிளிஷ் 1985-இல் வீரராக இருந்துகொண்டே லிவர்பூல் மேனேஜராகி, முதல் சீசனிலேயே லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் வாங்கினார். ஆனால் பழைய மேனேஜர் ஷாங்க்லி காலத்திலிருந்து வந்த 'பூட் ரூம்' ஆட்கள், அதாவது கிளப்பின் பயிற்சியாளர் கூட்டம், அவருக்குப் பின்னால் இருந்தார்கள், இன்னொரு பழைய மேனேஜர் பெய்ஸ்லியே ஆலோசகராக இருந்தார். ஆகவே நம்ம ஆளா என்று கேட்காதீர்கள். ஆடி முடித்ததற்கும் இன்றைக்கும் நடுவில் என்ன வேலை பார்த்தார், வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: லிவர்பூல் மேனேஜர் க்ளாப் போகிறார் என்றதும் நாங்கள் எல்லோரும் எங்கள் பழைய வீரர் சாபி அலோன்சோ வேண்டும் என்று தவம் கிடந்தோம். கிளப் யாரோ ஒரு ஸ்லாட்டைப் பிடித்து வந்தது. அவர் வந்த வருஷமே லீக் அடித்தார். அப்படியென்றால் எங்களுக்கு ஒன்றுமே தெரியாதா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: தெரியும். உங்களுக்குத் தெரிந்ததும் கிளப் பார்த்ததும் வேறு வேறு, அவ்வளவுதான்.

2024 ஜனவரி 26-ஆம் தேதி க்ளாப் அறிவித்தார். அலோன்சோ அப்போது ஜெர்மனியின் லெவர்குசனில் மேனேஜராகத் தோல்வியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். 2005 சாம்பியன்ஸ் லீக்கின் இஸ்தான்புல் இறுதியில் லிவர்பூலுக்குக் கோல் போட்டவர் வேறு. யாருக்குத்தான் ஆசை வராது? மார்ச் கடைசியில் 'நான் லெவர்குசனிலேயே இருக்கிறேன்' என்று அவர் சொன்னதும் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இழவு விழுந்தது மாதிரி இருந்ததாமே.

ஸ்லாட்டின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். 2022 மே மாதம் அவர் நடத்திய நெதர்லாந்து கிளப் ஃபயனோர்டு, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீக் இறுதியில் மொரின்யோவின் ரோமாவிடம் 1-0 என்று தோற்றது. அன்றைக்கு முதல் பதினொன்றில் ஆடியவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கோடையிலேயே கிளப்பை விட்டுப் போய்விட்டார்கள். சினிஸ்டெர்ரா லீட்ஸுக்கு, செனேசி போர்ன்மத்துக்கு, மலாசியாவை யுனைடெட்டே வாங்கியது. மிஞ்சியவர்களையும் புதிதாக வந்தவர்களையும் வைத்து அடுத்த சீசனில் நெதர்லாந்து லீக்கை ஜெயித்தார். எனக்கு மேனேஜரை எடைபோட இதைவிட நல்ல தராசு தெரியாது. பணம் உள்ள கிளப்பில் கோப்பை வாங்கியதைவிட, காலடியில் இருந்த தரையை விற்ற பிறகும் ஓர் அணியை நிற்கவைத்தது பெரிய வேலை. பிறகு யுனைடெட்டை நடத்திய ஃபெர்குசனும் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இதைத்தான் செய்தார். செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டையும் தாண்டி லீக், 1983-இல் ரியல் மாட்ரிடைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை.

இரண்டாவது விஷயம், இருக்கும் ஆட்களுக்கு ஏற்றவரா என்பது. அலோன்சோ லெவர்குசனில் பின்னால் தற்காப்புக்கு மூன்று பேர் வைத்து ஆடினார். லிவர்பூல் பல வருஷம் நான்கு பேர் வைத்து ஆடிப் பழகிய அணி. ஸ்லாட்டும் நான்கு பேர்தான், பந்து போனதும் பாய்ந்து பிடுங்குவதுதான். ஆகவே யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. நடுக்களத்துக்கு ஸுபிமெண்டி வேண்டும் என்று கேட்டார்கள், அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். க்ளாப் காலத்தில் பென்ச்சைத் தேய்த்துக்கொண்டிருந்த கிராவன்பெர்கைப் பின்வாங்கி ஆடவைத்தார் ஸ்லாட். பையன் முதுகில் ஆள் இருந்தும் பந்தை வாங்கி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி முன்னே கிளம்புவான் பாருங்கள், அதுதான் அந்த சீசன். அந்தக் கோடையில் வாங்கி உடனே களமிறக்கிய ஒரே ஆள் கியேசா, அவரும் அதிகம் ஆடவில்லை. 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து, நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே 20-ஆவது பட்டம்.

அடுத்த கோடையில் கோடி கோடியாகக் கொட்டி விர்ட்ஸ், எகிடிகே, ஈசாக் என்று வாங்கினார்கள். நவம்பரில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் வந்து ஃபாரஸ்ட் 3-0, நான்கு நாள் கழித்து பி.எஸ்.வி. 4-1. 'அன்றைக்கே அலோன்சோ என்றோமே' என்று நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள்தானே? இல்லை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: யுனைடெட்டில் தனக்கு அடுத்த மேனேஜராக மோயஸை ஃபெர்குசனே கைகாட்டினாரே, அவருக்கே தெரியவில்லையா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: மோயஸ் எவர்டனில் 11 வருஷம் சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவர். நான் மேலே சொன்ன தராசில் வைத்தால் தேறுகிற ஆள்தான். ஆனால் 2013-இல் ஃபெர்குசனோடு நிர்வாகத் தலைவர் டேவிட் கில்லும் கிளம்பினார். வீரர்களை வாங்கி விற்கத் தெரிந்தவரும் அணியை நடத்தத் தெரிந்தவரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அந்தக் கோடையில் பெரிதாக வந்தது ஃபெலெய்னி மட்டுமே. மோயஸுக்கு 6 வருஷ ஒப்பந்தம், பத்து மாதத்தில் வெளியே. மேனேஜர் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று பேசுவதில்லை.

கேள்வி: ரசிகர்கள் கத்தி ஒரு நியமனத்தையாவது நிறுத்தியிருக்கிறார்களா?
– மாதவரம் வாசகர்

பதில்: நிறுத்தியிருக்கிறார்கள். 2021 ஜூனில் டாட்டன்ஹாம், மேனேஜர் பதவிக்காக இத்தாலியின் கட்டூசோவோடு பேச்சு நடத்துகிறது என்ற செய்தி கசிந்தது. அவர் முன்பு பேசிய பேச்சுகளைத் தோண்டியெடுத்து, வேண்டவே வேண்டாம் என்று ரசிகர்கள் சமூக ஊடகத்தில் கிளம்பினார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு நூனோவைப் போட்டார்கள். ஆகஸ்டில் அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது, நவம்பர் முதல் தேதி பணிநீக்கம்! அதே கோடையில் எவர்டன் ரசிகர்கள் லிவர்பூலின் பழைய மேனேஜர் பெனிட்டஸ் வரக் கூடாது என்றார்கள். எவர்டனைச் சின்ன கிளப் என்று 2007-இல் அவர் சொன்னதை யாரும் மறக்கவில்லை. கிளப் கேட்காமல் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் அனுப்பிவிட்டது. யார் வேண்டாம் என்பதில் ரசிகன் வாக்கு பெரும்பாலும் பலிக்கிறது. யார் வேண்டும் என்பதில்தான் சறுக்குகிறது.

கேள்வி: லண்டன், லிவர்பூல் எல்லாம் இருக்கட்டும். நம்ம சென்னையின் எஃப்சி?
– பெரியமேடு வாசகி

பதில்: 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் மேனேஜராக வந்தபோது அணி அட்டவணையின் அடிப்பக்கம் கிடந்தது. 2020 மார்ச் 14-ஆம் தேதி கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. கொரோனா பயத்தில் ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்தது. ஏ.டி.கே.விடம் 3-1 தோல்வி. ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் விட்டார்கள். அடுத்த சீசனில் எட்டாம் இடம். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2022-இல் லீக் ஷீல்டு, அதாவது லீக் சுற்றில் முதலிடத்துக்கான பரிசு, வாங்கிக் கொடுத்தார். 2023-இல் அவரையே திரும்ப அழைத்தபோது பழைய அணி இல்லை. அடுத்தவர் யார் என்பதைவிட, இருக்கிறவரை எப்போது விடக் கூடாது என்பதையும் நீங்கள் மைதானத்தில் கத்தலாம்.

கேள்வி: கோல்கீப்பர்கள் ஏன் நல்ல மேனேஜர் ஆவதில்லை? உங்கள் சாதியைச் சொல்கிறேன்!
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: பெயர் போடாமல் எழுதியது புத்திசாலித்தனம். 1990-இல் யுவென்டஸுக்கு யூஏஃபா கோப்பையும் இத்தாலியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்த டீனோ ஜோஃப் யார்? 1993-இல் மார்சேயை ஐரோப்பிய சாம்பியனாக்கிய ரேமோன் கூட்டல்ஸ் யார்? 2020-இல் செவியாவுக்கு யூரோப்பா லீக் வாங்கிய லோப்பேட்டகி யார்? எல்லாம் எங்கள் ஆட்கள். மேலே சொன்ன நூனோவும் எங்கள் ஆள்தான், ஆனால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.